லவ்கிராஃப்டின் அன்டார்க்டிகா குறுநாவல்: படித்தவர்கள் வாங்க (முடிவு வரை பேசுவோம், படிக்காதவர்கள் கவனம்)

இரவுவாசகன்:

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு ‘அட் த மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ படித்து முடித்தேன். மொத்தமே 12 அத்தியாயம்தான். இருந்தும் இதற்கு முன் இரண்டு தடவை எடுத்து, மூன்றாம் அத்தியாயம் தாண்டாமல் மூடி வைத்திருக்கிறேன். கல், பனி, துளையிடும் கருவி, மறுபடி கல். இந்தத் தடவை என்னவோ தெரியவில்லை, லேக் என்கிற உயிரியல் பேராசிரியர் குகைக்குள் அந்த 14 உடல்களைக் கண்டெடுக்கும் இடம் வந்ததும் கீழே வைக்க முடியவில்லை.

கதை மறந்தவர்களுக்காக: 1930ல் அமெரிக்காவின் ஒரு கற்பனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு அன்டார்க்டிகாவுக்குப் போகிறது. எவரெஸ்டை மிஞ்சும் ஒரு மலைத்தொடரின் அடிவாரத்தில் லேக் முகாம் போடுகிறார். கிடைத்த உயிரினங்கள் பீப்பாய் மாதிரி உடம்பு, நட்சத்திரம் மாதிரி தலை, மடக்கிய இறக்கை என்று எந்த வகையிலும் அடங்காதவை. எட்டு உடல்கள் முழுசு, ஆறு சிதைந்தவை. மறுநாள் முகாமிலிருந்து செய்தி இல்லை. போய்ப் பார்த்தால் கெட்னி என்ற ஒருவரைக் காணவில்லை, மற்ற எல்லாரும் இறந்து கிடக்கிறார்கள். டயர் என்ற நிலவியலாளரும் டான்ஃபோர்த் என்ற மாணவனும் மலையைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கம் பனியில் புதைந்த ஒரு நகரத்தைப் பார்க்கிறார்கள்.

திகில் கதை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்குப் பயம் வரவே இல்லை. வேறு ஏதோ வந்தது, படித்து முடித்தும் இன்னும் போகவில்லை, அதற்குப் பெயர்தான் தெரியவில்லை. உங்களுக்கு எப்படி?

மேலத்தெரு:

எனக்குப் பயமும் வரவில்லை, நீங்கள் சொல்லும் அந்த வேறு ஏதோவும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை ‘சொல்ல முடியாதது’, ‘பெயரிட முடியாதது’ என்கிறார். சொல்ல முடியாததை எழுத்தாளர்தானே சொல்ல வேண்டும்? அந்த நகரத்துச் சுவரில் இருக்கும் புடைப்புச் சிற்பங்களைப் பார்த்தே பல கோடி வருட வரலாற்றை, யார் எங்கே சண்டை போட்டார்கள் என்பது வரை, இரண்டு பேர் டார்ச் வெளிச்சத்தில் சில மணி நேரத்தில் புரிந்துகொள்கிறார்களாம். அந்த அத்தியாயங்கள் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் மாதிரி இருந்தது. நல்ல இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. நாய்கள் அந்த உடல்களைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து அடங்காமல், கடைசியில் தூரத்தில் தனியாகப் பனிச்சுவர் கட்டி அடைக்க வேண்டி வருகிறதே, அது நன்றாக இருந்தது. அந்த மாதிரி இன்னும் எழுதியிருக்கலாம்.

பாறைக்காரி:

நான் படித்தது நிலவியல், அதனால் நீங்கள் இருவரும் தடுக்கி விழுந்த இடத்தில்தான் நான் உள்ளேயே போனேன். முதல் மூன்று அத்தியாயத்தின் கல்லும் பனியும் சும்மா ஒப்பனைக்கு வைத்தது இல்லை. ஒரு குழு எப்படி வேலை செய்யும், ஒரு மாதிரியை எடுத்ததும் முதலில் எதைப் பார்க்கும், எந்த அடுக்கில் கிடைத்தது என்பது ஏன் முக்கியம் என்றெல்லாம் அவர் பொறுமையாக எழுதுகிறார். லேக்கைத் தூங்க விடாமல் பண்ணுவது ஒரு கற்பலகையில் இருக்கும் முக்கோணத் தடம். அந்த அடுக்கின் வயதுக்கு அப்படி ஒரு தடம் அங்கே இருக்கவே கூடாது. என்னைப் பொறுத்தவரை கதையின் முதல் திகில் அதுதான்.

இன்னொன்று. சிற்பங்களில் கண்டங்கள் உடைந்து விலகுவது செதுக்கப்பட்டிருக்கும், டயர் அங்கே வெகெனர் பெயரையே சொல்கிறார். கதை எழுதப்பட்டது 1931ல். வெகெனர் கண்டங்கள் நகர்கின்றன என்று 1912ல் சொன்னபோது பெரும்பாலான நிலவியலாளர்கள் ஏற்கவில்லை, 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியிலேயே இறந்துபோனார். அறிவியல் உலகம் இதைப் பரவலாக ஏற்றது 1960களில். ஏற்கப்படாத ஒரு கோட்பாட்டை எடுத்து, ‘இதை நேரில் பார்த்தவர்கள் இருந்தார்கள்’ என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

நான் வளர்ந்தது பல்லாவரத்தில். பரங்கிமலையிலும் எங்கள் ஊர்க் குன்றுகளிலும் இருக்கும் கருநீலச் சாயல் கொண்ட கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து அந்தப் பெயரை இட்டார்கள், ஆனால் அந்தப் பாறை வகைக்கு மூல இடம் என்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது பரங்கிமலையைத்தான். அதே வகைக் கல் கிழக்கு அன்டார்க்டிகாவிலும் பனிக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையும் அந்தக் கண்டமும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை, பிரிந்து ஏறக்குறைய 13 கோடி வருடம் ஆகிறது. கல்லூரியில் முதல் வருடம் சுத்தியலால் தட்டிப் புதிதாக உடைந்த முகத்தைப் பார்த்தபோது ஆசிரியர் இதைச் சொன்னார், கையில் இருந்த கல் திடீரென்று கனத்த மாதிரி இருந்தது. இரவுவாசகன், நீங்கள் பெயர் தெரியாது என்கிற உணர்வு எனக்கு அன்றைக்கு வந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பனிக்கு அடியில் மலைத்தொடர் என்பதும் வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 1958ல் சோவியத் குழு ஒன்று கிழக்கு அன்டார்க்டிகாவில் முழுக்கப் பனிக்கு அடியிலேயே இருக்கும் காம்பர்ட்சேவ் மலைகளைக் கண்டுபிடித்தது. கதை 1936ல் அச்சில் வந்து 22 வருடம் கழித்து.

பழையபுத்தகம்:

எல்லாரும் எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் அது பெரிய விஷயம்.

1931ல் எழுதி ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகைக்கு அனுப்பினார், ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் திருப்பி அனுப்பிவிட்டார். நீளம் அதிகம், தொடராகப் பிரித்துப் போடவும் வராது என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. லவ்கிராஃப்ட் அதில் ரொம்பவே உடைந்துபோனார். கதை நாலு வருடத்துக்கும் மேல் சும்மா கிடந்தது. பிறகு ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற இளைஞர் முகவராக இருந்து ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகைக்கு 350 டாலருக்கு விற்றுக் கொடுத்தார். 1936 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என மூன்று இதழில் வந்தது. கையில் வாங்கிப் பார்த்தவருக்கு ரத்தம் கொதித்திருக்கிறது. நீண்ட பத்திகளை எல்லாம் துண்டு துண்டாக உடைத்திருந்தார்கள், கடைசிப் பகுதியில் நிறைய வரிகளையே வெட்டியிருந்தார்கள். அடுத்த வருடம் மார்ச் 15ல் குடல் புற்றுநோயில் இறந்துவிட்டார், வயது 46.

பிற்பாடு அவருடைய தட்டச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு வரி வரியாகச் சரிசெய்து, ஆர்க்கம் ஹவுஸ் 1985ல் வெளியிட்ட பதிப்பைத் தயாரித்தவர் புனேயில் பிறந்த எஸ்.டி. ஜோஷி. மேலத்தெரு, நீங்கள் இணையத்தில் கிடைத்த பழைய பிரதியைப் படித்திருந்தால் அது வெட்டுப்பட்டதாக இருக்க வாய்ப்பு உண்டு. கடைசி இரண்டு அத்தியாயத்தை மட்டுமாவது திருத்திய பதிப்பில் படித்துப் பாருங்கள். நீண்ட வாக்கியம் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடி வரும், ஓடுகிறவனின் மூச்சு அது, அதை உடைத்தால் எல்லாம் போச்சு.

மேலத்தெரு:

சரி, பார்க்கிறேன். நான் படித்தது பத்தி எல்லாம் ரொம்பச் சின்னதாகத்தான் இருந்தது.

முத்துநகர்:

யாரும் ரேடியோவைப் பற்றிப் பேசவில்லையே. எனக்கு இந்தக் கதையே அதுதான்.

என் அப்பா சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். மோர்ஸ் காலத்து ஆள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ரேடியோ அறைக் கடிகாரம் ஒன்று தொங்கும், அதன் முகத்தில் 15லிருந்து 18 நிமிடம் வரை ஒரு சிவப்புத் துண்டு, 45லிருந்து 48 வரை இன்னொரு சிவப்புத் துண்டு. ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்த மூன்று மூன்று நிமிடம் 500 கிலோஹெர்ட்ஸில் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது, எங்காவது யாராவது உதவி கேட்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அப்பா ஓய்வு பெற்ற பிறகும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முள் அந்தச் சிவப்புக்குள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவருக்கே தெரியாமல் நடக்கும். அம்மாவும் கேட்ட கேள்விக்குப் பதில் வரும் வரை மூன்று நிமிடம் காத்திருப்பாள்.

லேக் ராத்திரி முழுக்கச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார், சந்தோஷத்தில் வார்த்தை தடுமாற. தள முகாமில் டயர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்புறம் புயல். அடுத்த நாள் கூப்பிட்டால் பதில் இல்லை. அந்த இடத்தில் லவ்கிராஃப்ட் ஒரு பேயையும் காட்டவில்லை. நாலு விமானம் அங்கே இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ரேடியோ இருக்கிறது, எப்படி எல்லாமே ஒரே நேரத்தில் பேசாமல் போகும் என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கூடத்துக்குப் போய் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஓடி வருடக்கணக்காகிறது.

பயம் வரவில்லை என்கிறீர்களே, எனக்கு அங்கே வந்தது.

நெல்லைத்தமிழ்:

இரவுவாசகன் கேட்ட பெயரைப் பற்றி. இந்த வகைக்குத் தமிழில் ‘அண்டத் திகில்’, ‘பிரபஞ்சத் திகில்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். இரண்டிலும் எனக்கு ஒரு குறை, திகில் என்றதும் கதவு கிறீச்சிடும் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள். அச்சம் எதனால் வரும் என்று அங்கே நாலு காரணம் இருக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், அரசன். நாலுமே நம்மைக் குறி வைத்து வருபவை. மருட்கை என்கிற வியப்புக்கும் நாலு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். அந்த நூற்பாவில் ‘மதிமை சாலா மருட்கை’ என்று ஓர் அடை உண்டு, அறிவு எட்டாத மருட்கை. முன்பு பார்த்திராத ஒன்று, அளவில் மிகப் பெரிய ஒன்று, மிகச் சிறிய ஒன்று, ஒன்று இன்னொன்றாக ஆகிவிடுவது, இவற்றின் முன்னால் அறிவு நின்றுவிடுகிற நிலை.

அந்த நகரத்தில் டயருக்கு வருவது இந்த இரண்டாவதுதான். அங்கே அவரைத் துரத்த முக்கால்வாசிக் கதை வரைக்கும் யாருமே இல்லை. இருப்பது பெருமையும் சிறுமையும்: கல்லின் பெருமை, தன் சிறுமை. இதற்கு ‘மருள்’ என்ற வேரிலிருந்துதான் ஒரு சொல் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மருள் என்றால் மயக்கமும்தான், வியப்பும்தான், மாடு மிரளும்போது மருள்கிறது என்றும் சொல்கிறோம். ஒரே சொல்லில் எல்லாம் இருக்கிறது.

நம்மிடம் ஊழிக் கணக்கு இல்லாமல் இல்லை. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்று பூப்பேரும் சங்கின் பேரும் வைத்து எண்ணும் பேரெண்களில் ஊழிகள் கழிகின்றன. ஆனால் அங்கே அத்தனை ஊழிக்கும் அந்தப் பக்கம் திருமால் இருக்கிறார், பாடுகிறவருக்குக் கும்பிட ஓர் ஆள் இருக்கிறது. லவ்கிராஃப்டின் ஊழிகளுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவே பல வருடம் ஆயிற்று.

கிண்டிப்பயணி:

பதினோராம் அத்தியாயத்தில் சுரங்கத்துக்குள் ஓடும்போது டான்ஃபோர்த் புத்தி பேதலித்து, பாஸ்டன் சுரங்க ரயிலின் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கிறானே, சவுத் ஸ்டேஷன், வாஷிங்டன், பார்க் ஸ்ட்ரீட், கெண்டால், சென்ட்ரல், ஹார்வர்ட் என்று. பின்னால் வருவது, பிளாட்பாரத்தில் நிற்பவன் கண்ணுக்குச் சுரங்க இருட்டிலிருந்து பெருத்துக்கொண்டே வரும் ரயில் முகப்பு மாதிரி இருக்கிறது என்று டயர் சொல்கிறார். டான்ஃபோர்த் வாயில் வருவது அவன் வீட்டுக்குப் போகும் வழி.

நான் இதைத் தாம்பரம் வண்டியில் படித்தேன், கூட்டத்தில் நின்றுகொண்டு, போனில். படித்து முடித்ததும் என் வாயும் தானாக முணுமுணுத்தது: சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. 15 வருடமாக அதே வரிசை, ஒரு நாளும் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. ஏன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. பயந்தவனுக்குக் கடவுள் பேர் வராமல் ஸ்டேஷன் பேர் வருகிறது என்பதுதான் காரணமோ என்னவோ.

இரவுவாசகன்:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். நேற்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்குப் பத்து வயது. ஒரு வாரமாக நான் படிக்கப் படிக்க ராத்திரி அவளுக்குக் கதையாகச் சொல்லி வந்தேன், ரத்தத்தை எல்லாம் குறைத்துத்தான். அந்த உயிரினங்களை நான் ‘அதுங்க’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து அதுங்க முழிச்சுக்கிச்சு, முகாமில் இருந்த டின் எல்லாத்தையும் தாறுமாறா நெம்பித் திறந்து பார்த்துச்சு, செத்துப்போன தன் ஆறு பேரையும் நிக்க வெச்ச மாதிரி பனியில புதைச்சு மேலே நட்சத்திர மேடு கட்டுச்சு, காணாமப் போன கெட்னியையும் ஒரு நாயையும் ஸ்லெட்ஜில் ஏத்தி நகரத்துக்குக் கொண்டுபோச்சு. அங்கே டயர் அந்த இரண்டு உடலையும் பார்க்கிறார். கழுத்துக் காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி, மேலே சேதம் ஆகாமல் பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறது. நாம் ஒரு மாதிரியை எப்படிப் பத்திரப்படுத்துவோமோ அப்படி.

பதினோராம் அத்தியாயத்தில் அவற்றில் நாலு பேர் தலையில்லாமல் கிடக்கிறார்கள். டயர் சொல்கிறார், கடைசி வரை அவர்கள் விஞ்ஞானிகள்தான், நாம் அவர்கள் இடத்தில் இருந்தால் செய்யாத எதைச் செய்துவிட்டார்கள் என்று. இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது மகள் என்னை நிறுத்தினாள். “ஏம்பா, இப்ப அவங்கன்னு சொல்ற?”

நான் எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேலே எழுதியதைப் பாருங்கள், இங்கேயும் மாறிவிட்டேன்.

நெல்லைத்தமிழ்:

மகளுக்கு என் வணக்கம். சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே இதுதான்: ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’. யாரை மக்கள் என்று கருதுகிறோமோ அது உயர்திணை. அது ஒரு கருத்து, உடம்பின் வடிவம் பற்றிய விஷயம் இல்லை. டயர் அந்த இடத்தில் ஆங்கிலத்தில் கடைசியாகச் சொல்வதும் அதைத்தான், அவர்கள் என்னவாக இருந்தாலும் மனிதர்களாக இருந்தார்கள் என்று. ஆங்கிலப் பன்மையில் அவைக்கும் அவர்களுக்கும் ஒரே சொல், அதனால் லவ்கிராஃப்ட் அதை வெளிப்படையாக வாய் விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் ஒரு வினைமுற்றை மாற்றினால் போதும், வாசகனுக்குத் தூக்கிவாரிப் போடும்.

மொழிபெயர்க்கிறவனுக்குத்தான் கஷ்டம். கதையில் அந்த உயிரினங்களுக்கு இருக்கும் ‘ஓல்ட் ஒன்ஸ்’ என்ற பெயரையே தொல்லோர் என்று வைத்தால் அந்த ‘ஓர்’ விகுதி ரகசியத்தை முன்கூட்டியே உடைத்துவிடும். தொல்லுயிர் என்று வைத்துக் கடைசியில் தொல்லோர் என்று ஒரே ஒரு முறை மாற்றலாம். நான் இதை மாதிரிக்கு இரண்டு பக்கம் செய்து பார்த்தேன், ‘கிடந்தன’ என்று எழுதிய கை ‘கிடந்தார்கள்’ என்று எழுத ரொம்ப நேரம் தயங்கியது.

பாறைக்காரி:

‘கடைசி வரை விஞ்ஞானிகள்’ என்று வரும்போது எனக்கு ஸ்காட்டின் குழுதான் கண்ணில் நின்றது. 1912ல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில், உணவு தீர்ந்து, கால் கருகி, கடைசியில் மிஞ்சிய மூவரும் கூடாரத்துக்குள் இறந்தார்கள். நவம்பரில் தேடிப்போனவர்கள் ஸ்லெட்ஜில் 35 பவுண்டு கல்லைக் கண்டார்கள், ஏறக்குறைய 16 கிலோ. செத்துக்கொண்டே இழுத்து வந்திருக்கிறார்கள், கீழே போடவில்லை. அந்தக் கற்களில் குளாசாப்டெரிஸ் இலைப் படிமம் இருந்தது, நம் நிலக்கரிப் படுகைகளில் கிடைக்கும் அதே செடி. அந்தக் கண்டமும் நம் நிலமும் ஒன்றாக இருந்தன என்பதற்குச் சான்றாக நின்ற கற்கள்.

ஸ்லெட்ஜில் கெட்னியைப் பத்திரமாகச் சுற்றி இழுத்துப் போனவர்களைப் பற்றிப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன். இருவருமே மாதிரியைக் கீழே போடவில்லை.

மேலத்தெரு:

திருத்திய பதிப்பில் கடைசி இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு வருகிறேன். பழையபுத்தகம் சொன்னது சரி, அது வேறு கதை. முதலில் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். சிற்ப அத்தியாயங்கள் இப்போதும் நீளம்தான்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது, நீங்கள் எல்லாரும் உயர்திணையைக் கொண்டாடுவதால் சொல்கிறேன். அந்தத் தொல்லோர் வேலை வாங்குவதற்காகவே ஷொகாத் என்ற உயிரை உண்டாக்கினார்கள். தண்ணீருக்கடியில் கல் சுமக்க, நகரம் கட்ட. அதற்கு மெல்ல மெல்ல மூளை வளர்ந்தது, எதிர்த்தது, அடித்து அடக்கினார்கள். சொந்தக் குரல் கிடையாது, எஜமான் எழுப்பிய ஒலியைத்தான் திருப்பி எழுப்பத் தெரியும். டயர் எஜமானுக்கு மனிதன் என்ற பட்டம் கொடுக்கிறார், அடிமைக்குக் கொடுப்பது நாற்றமும் அருவருப்பும் மட்டும். இதை எழுதியவர் கறுப்பர்களையும் குடியேறி வந்தவர்களையும் பற்றித் தன் கடிதங்களில் எவ்வளவு கேவலமாக எழுதினார் என்பது ஊருக்கே தெரியும். உலக ஃபேன்டசி விருதுக்கு அவர் தலை உருவச் சிலையைக் கொடுத்து வந்ததை 2015ல் நிறுத்தியதும் அதனால்தான். பத்துக் கைகால் உள்ளவனை அவர்கள் என்று சொல்ல முடிந்த அந்த மனம் ஏன் அங்கே போய் நின்றுவிட்டது? நெல்லைத்தமிழ், உங்கள் மொழிபெயர்ப்பில் ஷொகாத்துக்கு என்ன வினைமுற்று?

நெல்லைத்தமிழ்:

‘வந்தது’ என்றுதான் எழுதியிருக்கிறேன். டயரின் வாய்மொழி அது, அவர் அப்படித்தான் பார்க்கிறார், நான் மாற்றினால் அவருக்கு இல்லாத கண்ணை நான் கொடுத்த மாதிரி ஆகும். ஆனால் நீங்கள் கேட்ட பிறகு அந்தச் சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை.

இரவுவாசகன்:

இப்போதுதான் மீதிக் கதையை மகளுக்குச் சொல்லி முடித்தேன். மேலத்தெருவின் பதிவை அவளிடம் சொல்லவில்லை, நான் அதைப் படித்ததே பிறகுதான். சுரங்கம், குருட்டுப் பென்குயின்கள், பின்னால் பனிமூட்டம், ஓட்டம், எல்லாம் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டு எழுந்தேன். போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்:

“அப்பா, கடைசியில பின்னாடி ஓடி வந்தது யாரு?”